குறட்டை எல்லாம் தூக்கம் அல்ல!

“ஐயா, அப்பா ராத்திரி பூரா பயங்கரக் குறட்டை. மணி எட்டாச்சு, இன்னும் எழுந்திருக்கல. குறட்டைக்கு ஏதாச்சும் சூரணம் கொடுங்களேன்!”

ஒரு நாள் காலையில் ஒரு மகன் வந்து இப்படிக் கேட்டார். “தட்டி எழுப்பிப் பார்த்தீங்களா?” என்றேன்.

“பார்த்தோம். கண்ணைத் திறக்கல. அசதி போலிருக்கு” என்றார்.

“சூரணம் கிடக்கட்டும். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க” என்று விரட்டினேன். பக்கவாதம்! பெரியவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் வலது கை பழையபடி வரவில்லை.

குறட்டை என்றாலே நல்ல தூக்கம் என்று நினைப்பவர்கள் நாம் மட்டுமல்ல. பழைய ரோமாபுரியிலும் அப்படித்தான். லத்தீன் மொழியில் குறட்டை விடுவதற்கு ‘ஸ்டெர்ட்டெரே’ என்று பெயர். நம் ‘கொர்... கொர்...’ போல, சத்தத்தை ஒட்டியே பிறந்த சொல் என்பார்கள். கி.மு. முதல் நூற்றாண்டுக் கவிஞர் ஹொரேஸ், இரவெல்லாம் விழித்திருந்து பகலெல்லாம் குறட்டை விடும் ஒரு பாடகரை இந்தச் சொல்லால் கேலி செய்கிறார். அடித்துப் போட்டாற்போல் தூங்குவது என்பதே அங்கே பொருள்.

பிற்கால மேல்நாட்டு வைத்தியர்களோ இதே சொல்லிலிருந்து ‘ஸ்டெர்ட்டர்’ என்ற பெயரை எடுத்து, நினைவு தப்பியவரின் கனத்த மூச்சொலிக்கும் வைத்தார்கள். காரணம் இருக்கிறது. தூக்கமோ மயக்கமோ, நாக்கும் தொண்டைத் தசைகளும் தளர்ந்து மூச்சுப் பாதை குறுகினால்தான் இந்தச் சத்தம் வரும். சத்தத்தை மட்டும் கேட்டு இது எது என்று சொல்லிவிட முடியாது. எழுப்பிப் பார்த்தால்தான் தெரியும்.

வழக்கத்துக்கு மாறான குறட்டையா? பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், தோளைத் தட்டுங்கள். எழுந்திருக்காவிட்டால் 108-க்கு போன் செய்யுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தண்ணீர், காபி, கஷாயம் எதையும் வாயில் ஊற்றாதீர்கள், புரை ஏறிவிடும். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

எழுப்பினால் எழுந்துகொள்கிறார், ஆனால் தினமும் குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வருகிறது, பகலில் தூங்கி வழிகிறார் என்றால் அதையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

“பாவம், தூங்கட்டும்” என்று போர்வையை இழுத்துவிடும் முன் ஒருமுறை தட்டிப் பாருங்களேன். தூக்கம் கலைந்தால் திட்டுவார், அவ்வளவுதானே!