கரும்புக்குள் ஒளிந்திருக்கும் குட்டை நோய்

செவ்வழுகல் வந்த கரும்பைப் பிளந்தால் உள்ளே சிவந்திருக்கும், புளித்த வாடை வீசும். விவசாயி உடனே கண்டுகொள்வார். மறுதாம்புக் குட்டை நோய் அப்படித் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. தோகை பச்சையாகவே இருக்கும். கரும்பு சற்று மெலிந்து, குட்டையாக நிற்கும். தண்ணீர் போதவில்லை, உரம் போதவில்லை என்று நினைத்துக்கொள்வோம். வெட்டிய கட்டையிலிருந்து தழைக்கும் மறுதாம்புக் கரும்பில் விளைச்சல் இன்னும் சரியும்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1940களின் நடுவில், கியூ 28 என்ற ரகத்தில் இந்த நோய் முதலில் தென்பட்டது. வைரஸ்தான் காரணம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். உண்மையான காரணம், தண்டில் நீரேற்றும் குழாய்களுக்குள் வாழும் லீஃப்சோனியா சைலி என்ற நுண்ணிய பாக்டீரியா. அதைத் தனியே பிரித்து வளர்த்த செய்தி வெளிவந்தது 1980இல்தான். ஆய்வகத்தில் அவ்வளவு மெதுவாக வளரும் உயிர் அது. வயலிலோ, கத்தியிலும் அறுவடை இயந்திரத்திலும் ஒட்டிய சாறு வழியே தூருக்குத் தூர் தாவுகிறது. கரணை வழியே ஊருக்கு ஊர் போகிறது.

நோயைக் கண்டறியச் சாற்றை நுண்ணோக்கியில் பார்க்கலாம், ஆனால் கிருமி நிறைய இருந்தால்தான் கண்ணில் படும். கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் பெயர் அறிந்த பி.சி.ஆர். சோதனை, கிருமி சிலவே இருந்தாலும் அவற்றின் டி.என்.ஏ.வைப் பெருக்கிக் காட்டிவிடும். அதற்குச் சூட்டை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி இயங்கும் விலையுயர்ந்த கருவி தேவை.

இந்த இடத்தில்தான் லேம்ப் என்ற முறை கைகொடுக்கிறது. 2000ஆம் ஆண்டில் ஜப்பானியர்கள் வெளியிட்ட முறை இது. சுமார் 65 டிகிரி செல்சியஸில் ஒரே சூடு போதும். ஒரு மணி நேரத்துக்குள் முடிவு தெரியும். கிருமியின் மரபணுவில் பல இடங்களை ஒருசேர அடையாளம் கண்ட பிறகே பெருக்கம் தொடங்குவதால், வேறு கிருமியைப் பார்த்து ஏமாறும் வாய்ப்புக் குறைவு. டி.என்.ஏ. பெருகும்போது கரைசல் அமிலமாகும். அதில் கலந்த சாயம் இளஞ்சிவப்பிலிருந்து மஞ்சளாகும். கரும்புச் சாறே சற்றுப் புளிப்பானது என்பதால், சாற்றை முறையாக நீர்க்கச் செய்யாவிட்டால் நோயில்லாத கரும்பும் மஞ்சள் காட்டக்கூடும். சோதனை முடிந்த குழாயைத் திறக்கவும் கூடாது. பெருகிய டி.என்.ஏ. சிறிது சிந்தினாலும் அடுத்த சோதனை கெட்டுவிடும்.

சோதனை நோயைக் குணப்படுத்தாது. கரணையை 50 டிகிரி வெந்நீரில் இரண்டு மணி நேரம் வைத்தால் கிருமி பெரும்பாலும் அழியும். முழுவதும் அழிந்தது என்று உறுதி சொல்ல முடியாது. அதனால் சோதனைக்கு உரிய இடம் நாற்றங்கால்தான். விதைக்கரும்பு வாங்கும்போது, அது குட்டை நோய்க்குச் சோதிக்கப்பட்டதா என்று ஆலையின் கரும்பு அலுவலரிடம் கேளுங்கள். வெட்டுக் கத்தியைக் கிருமிநாசினியில் நனைக்காமல் அடுத்த வயலுக்குள் விடாதீர்கள்.