திகில் புதிர் ஆட்டங்களும் சிறுவர் வயதுத் தகுதியும்

அச்சமூட்டும் கதையின் வழியே புதிர்களை விடுவித்து முன்னேறும் வீடியோ கேம், திகில் புதிர் ஆட்டம் எனப்படும். சுவீடனின் டார்சியர் ஸ்டுடியோஸ் உருவாக்கி, ஜப்பானின் பண்டாய் நாம்கோ 2017 ஏப்ரலில் வெளியிட்ட 'லிட்டில் நைட்மேர்ஸ்' இவ்வகையில் பெயர்பெற்றது. 2023 டிசம்பரில் இது கைப்பேசிக்கும் வந்ததால், பெற்றோர் அறியாமலே பிள்ளைகள் கையில் கிடைக்கிறது.

வயதுக் குறியீடுகள்

இந்த ஆட்டம் அமெரிக்காவின் ஈஎஸ்ஆர்பி முறையில் 13 வயதுக்கு மேற்பட்டோருக்கும், ஐரோப்பாவின் பெகி முறையில் 16 வயதுக்கு மேற்பட்டோருக்கும் உரியது. ஒரே ஆட்டத்திற்கு மூன்று ஆண்டு வேறுபாடு!

இந்தியாவில் திரைப்படங்களுக்கு 2023 சட்டத் திருத்தத்தின்படி யுஏ 7+, 13+, 16+ என்ற பிரிவுகள் உண்டு. வீடியோ கேம்களுக்கு அத்தகைய தணிக்கை வாரியம் இல்லை. கூகுள் ப்ளே ஸ்டோரில் காணும் 3+, 7+, 12+, 16+, 18+ என்பவை ஐஏஆர்சி என்னும் பன்னாட்டு முறையைச் சார்ந்தவை. ஆட்டத்தை உருவாக்கியவர் வினாத்தாளுக்குத் தரும் விடைகளைக் கொண்டு அவை வழங்கப்படுகின்றன.

குறியீடு சொல்லாதது

மஞ்சள் மழையங்கி அணிந்த சிக்ஸ் என்னும் சிறுமி, ஒரு பெருங்கலத்திலிருந்து தப்ப முயல்வதே கதை. உரையாடல் இல்லை, இரத்தமும் பெரிதாக இல்லை. ஆனால் பிடிபட்ட குழந்தைகள் சமையலறைக்கு அனுப்பப்படுவதைக் கதை உணர்த்துகிறது. பசி முற்றிய சிக்ஸ், தனக்கு உணவு நீட்டும் சிற்றுயிரையே தின்றுவிடுகிறாள். காட்சியைவிட இந்தக் கருத்தே சிறு பிள்ளைகளை அதிகம் கலக்கும். வயது எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவராது.

முடிவு செய்யும் முறை

* பெரியவர் முதலில் தாமே ஆடிப் பார்க்க வேண்டும். அல்லது முழு ஆட்டத்தின் காணொளியைப் பார்க்க வேண்டும்.
* அனுமதித்தால், பகல் நேரத்தில் பிள்ளையின் அருகில் அமர்ந்திருக்க வேண்டும். மத்தாப்புக் கொளுத்தும் பிள்ளையின் பக்கத்தில் நிற்பதில்லையா, அதுபோல.
* ஆடியபின் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்கலாம். பிள்ளை எதைப் புரிந்துகொண்டது, எதற்குப் பயந்தது என்பது அதில் வெளிப்படும்.
* தூக்கம் கெடுதல், தனியே இருக்க அஞ்சுதல் போன்றவை தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும்.
* பிள்ளையின் சொந்த அனுபவத்தையும் எண்ண வேண்டும். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் பட்டாசு ஆலை விபத்தில் உறவினரை இழந்த வீடுகள் உண்டு. அவ்வீட்டுப் பிள்ளைக்குத் தீயும் வெடிச்சத்தமும் நிறைந்த ஆட்டம், 7+ என்று குறிக்கப்பட்டிருந்தாலும், ஏற்றதாகாமல் போகலாம்.

ஆகவே, வயதுக் குறியீட்டைத் தொடக்கமாகக் கொள்ளலாம். முடிவைப் பிள்ளையை அறிந்தவரே எடுக்க வேண்டும்.