தொடரும் ஒற்றைத் தலைவலி: காரணம் என்ன?

"தலைவலிதானே, ஒரு மாத்திரை போட்டால் சரியாகிவிடும்" என்று சொல்லியே பல ஆண்டுகளைக் கடத்துபவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். குறிப்பாகப் பெண்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு மைக்ரேன் சுமார் மூன்று மடங்கு அதிகம்.

ஒற்றைத் தலைவலி என்று பெயர் இருந்தாலும் இரு பக்கமும் வலிக்கலாம். விண் விண் என்று தெறிக்கும் வலி, குமட்டல், வெளிச்சமும் சத்தமும் தாங்காமை ஆகியவை இதன் அடையாளங்கள். சிகிச்சை எடுக்காவிட்டால் 4 மணி முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ தலைவலி இருந்து, அவற்றில் 8 நாட்களாவது மைக்ரேன் தன்மையோடு, மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்தால் அதை நாள்பட்ட மைக்ரேன் என்கிறார்கள் மருத்துவர்கள்.

காரணங்கள்

பரம்பரை முக்கியக் காரணம். முகத்துக்கும் தலைக்கும் உணர்வு தரும் முக்கிளை நரம்பு தூண்டப்பட்டு, வலியைக் கடத்தும் வேதிப்பொருட்கள் வெளியாகின்றன. தூக்கக் குறைவு, பட்டினி, மன அழுத்தம், மாதவிடாயை ஒட்டிய ஹார்மோன் மாற்றம் ஆகியவை இதைத் தூண்டிவிடும். தினமும் குடிக்கும் டீ, காபியைத் திடீரென நிறுத்தினாலும் தலை வலிக்கும். நோன்பின் முதல் சில நாட்களில் வரும் தலைவலிக்கு இதுவும் ஒரு காரணம். ரமளானுக்கு முன்பே சிறிது சிறிதாகக் குறைத்துக்கொள்வது நல்லது.

மாத்திரையே வலியாகும்போது

பலருக்குத் தெரியாத காரணம் இது. பாராசிட்டமால் போன்ற வலிமாத்திரைகளை மாதத்தில் 15 நாட்களுக்கு மேலும், பல மருந்துகள் கலந்த மாத்திரைகளை 10 நாட்களுக்கு மேலும் தொடர்ந்து எடுத்தால், அந்த மாத்திரைகளே தலைவலியை நிரந்தரமாக்கிவிடும். வலிக்கு மாத்திரை, மாத்திரையால் மீண்டும் வலி என்று சுழற்சி தொடரும். இதிலிருந்து வெளிவர மருத்துவரின் உதவி தேவை. வலி வராமல் தடுக்கும் மருந்துகள் இருக்கின்றன.

வலி வந்த நாள், சாப்பிட்ட நேரம், தூக்கம், எடுத்த மாத்திரை ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். மருத்துவருக்கு அது பெரிதும் உதவும்.

திடீரென வந்து நொடிகளில் உச்சத்தைத் தொடும் தலைவலி, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், காய்ச்சலோடு கழுத்து இறுக்கம் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 50 வயதுக்கு மேல் முதன்முறையாகத் தலைவலி தொடங்கினாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.