வாக்குறுதிக்கும் வரிசைக்கும் இடையே: சேவைத் தரத்தை அளந்த பரசுராமன்

தோத்தாபுரி மாங்காய்க்குப் பெயர் பெற்றது சித்தூர் மாவட்டம். அங்குள்ள கார்வேட்டிநகரத்தில் ஒரு மாந்தோப்பு உழவர் இருப்பதாக எண்ணிக்கொள்வோம். அறுவடைக் காலம் நெருங்குகிறது. காய் பறிக்கும் ஆட்களுக்குக் கூலி, மாங்கூழ் ஆலைக்குச் சரக்கை ஏற்றிச் செல்லும் லாரிக்கு வாடகை ஆகியவற்றுக்காகப் பயிர்க்கடனைப் புதுப்பிக்க வங்கிக்குச் செல்கிறார். “இரண்டு நாளில் முடிந்துவிடும், ஐயா” என்று அலுவலர் கனிவாகச் சொல்கிறார். கடன் ஒன்பதாம் நாளில் புதுப்பிக்கப்படுகிறது.

கிளையின் பதிவேட்டில் அது நிறைவேறிய பணி. உழவரின் கணக்கிலோ அது தவறிய வாக்கு. பழுக்கும் காய் யாருடைய கோப்புக்காகவும் காத்திருப்பதில்லை. ஒரே சேவை இருவருக்கு இரு வேறாகத் தோன்றுவது ஏன்? இந்த வினாவுக்கு முறையாக விடை தேடியவர்களுள் முதன்மையானவர் மேலாண்மைப் பேராசிரியர் ஏ. பரசுராமன்.

வங்கியில் தொடங்கிய ஆய்வு

சென்னை ஐ.ஐ.டி.யிலும் அகமதாபாத் ஐ.ஐ.எம்.மிலும் பயின்ற பரசுராமன், அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் 1975ஆம் ஆண்டில் முனைவர் பட்டம் பெற்றார். வேலரி ஸைத்தமல், லெனர்ட் பெரி ஆகிய இருவருடன் இணைந்து அவர் எழுதிய ஆய்வுக்கட்டுரை 1985ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதற்காக அவர்கள் எடுத்துக்கொண்ட துறைகள் நான்கு: வங்கிச் சேவை, கடன் அட்டை, பங்குத் தரகு, பொருள்களைப் பழுதுபார்த்துப் பராமரித்தல். நிறுவன அதிகாரிகளிடம் தனித்தனியாகவும், வாடிக்கையாளர்களிடம் குழுக்களாகவும் உரையாடினார்கள்.

சேவையின் தரம் என்பது, வாடிக்கையாளர் எதிர்பார்த்ததற்கும் அவர் உண்மையில் பெற்றதாக உணர்வதற்கும் இடையேயுள்ள இடைவெளியே என்பது அவர்களது முடிவு. அந்த இடைவெளி தானாகத் தோன்றுவதில்லை. நிறுவனத்துக்குள் நிகழும் நான்கு இடைவெளிகளின் விளைவே அது.

முதலாவது, வாடிக்கையாளருக்கு எது தேவை என்பதை நிர்வாகம் தவறாகப் புரிந்துகொள்வது. உழவர் கேட்பது குறித்த நாளில் பணம். நிர்வாகமோ அவருக்குக் குளிரூட்டிய அறை தேவை என எண்ணக்கூடும். இரண்டாவது, தேவையை அறிந்தும் அதற்கேற்ற விதிமுறையை வகுக்காதது. அறுவடைக் காலத்தில் புதுப்பித்தல் விண்ணப்பங்கள் குவியும் எனத் தெரிந்திருந்தும் கூடுதல் ஆளை ஒதுக்காமல் இருப்பது இவ்வகை. மூன்றாவது, வகுத்த விதிமுறை கவுன்டரில் நடைமுறைக்கு வராதது. நான்காவது, செய்ய இயலாததை விளம்பரத்திலோ வாய்மொழியாகவோ உறுதியளிப்பது. நம் உழவரிடம் சொல்லப்பட்ட “இரண்டு நாள்” இந்த நான்காவது இடைவெளியே. “பத்து நாள் ஆகும்” என்று சொல்லியிருந்தால், அவர் வேறு ஏற்பாடு செய்திருப்பார். ஒன்பதாம் நாள் மகிழ்ந்தும் இருப்பார்.

ஐந்து கூறுகள்

1988ஆம் ஆண்டில் இம்மூவரும் ‘சர்வ்குவால்’ என்னும் அளவுகோலை வெளியிட்டனர். 97 கூற்றுகளில் தொடங்கி, சோதித்துச் சோதித்து 22ஆகச் சுருக்கப்பட்டது அது. ஒவ்வொரு கூற்றும் எதிர்பார்ப்புக்கு ஒரு முறை, அனுபவத்துக்கு ஒரு முறை என இருமுறை கேட்கப்படும். அவை ஐந்து கூறுகளில் அடங்கும்: சொன்னதைச் சொன்னபடி செய்யும் நம்பகத்தன்மை, விரைந்து உதவ முன்வருதல், அறிவாலும் பண்பாலும் நம்பிக்கை ஊட்டுதல், ஒவ்வொருவரையும் தனி மனிதராக மதிக்கும் பரிவு, கட்டடம், கருவி, தோற்றம் போன்ற புலப்படும் கூறுகள்.

இவற்றுள் வாடிக்கையாளர்கள் மிக முக்கியமானதாகக் கருதியது நம்பகத்தன்மையை. கடைசி இடம் பெற்றது புலப்படும் கூறுகளே. பளிங்குத் தரையைவிடத் தவறாத வாக்கு பெரிது என்று நம் முன்னோர் அறிந்திருந்ததை எண்களும் உறுதி செய்தன.

பரிவுக்குக் கார்வேட்டிநகரமே சான்று. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை அது வடஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. இன்றும் அப்பகுதியில் தெலுங்கோடு தமிழும் புழங்குகிறது. வீட்டில் தமிழ் பேசும் ஒரு முதியவருக்குப் படிவத்தில் உள்ளதை அவர் மொழியில் விளக்கும் அலுவலரிடம் இருப்பது மொழியறிவு மட்டுமன்று, பரிவும் ஆகும்.

சரக்குக்கும் அதே அளவுகோல்

இந்தச் சிந்தனை வங்கிகளோடு நிற்கவில்லை. ஜான் மென்ட்சரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1999ஆம் ஆண்டில் சரக்குப் போக்குவரத்துச் சேவைக்கென ஓர் அளவுகோலை உருவாக்கினர். சரக்கு உரிய நேரத்தில் வந்ததா, கேட்டது கேட்டபடி வந்ததா, சேதமின்றி வந்ததா, தவறு நேர்ந்தால் எப்படிச் சரிசெய்தார்கள், தகவல் தெளிவாகக் கிடைத்ததா என்பன அதன் வினாக்களுள் சில. ஆலை வாயிலில் மாங்காய் லாரி காத்து நிற்கையில், “இன்று இறக்க முடியுமா?” என்பதற்குக் கிடைக்கும் நேர்மையான விடையும் சேவையின் பகுதியே. கூலியும் வாடகையும் கடனும் அதைப் பொறுத்தே நகர்கின்றன.

பயிற்சி எங்கே பயன்படும்?

மூன்றாவது இடைவெளிக்கான காரணங்களாக ஆய்வாளர்கள் சுட்டியவை சிந்திக்கத்தக்கவை. தன்னிடம் எது எதிர்பார்க்கப்படுகிறது என்பதில் ஊழியருக்குத் தெளிவின்மை, ஒன்றுக்கொன்று முரணான கட்டளைகள், சிக்கலைத் தீர்க்கும் அதிகாரமின்மை, குழு உணர்வின்மை ஆகியவை அவற்றுள் அடங்கும். முதலாவதைப் பயிற்சி பெருமளவு தீர்க்கும்; அதிகாரமின்மையைப் பயிற்சி மட்டும் தீர்க்காது.

பயிற்சியின் பயனை அளக்க டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959ஆம் ஆண்டில் நான்கு படிகளை வகுத்தார்: பயின்றவர் அதை விரும்பினாரா, கற்றாரா, பணியில் நடந்துகொள்ளும் முறை மாறியதா, நிறுவனத்துக்கு விளைவு கிடைத்ததா. முதற்படியை அளப்பது எளிது. நம் உழவருக்கு வேண்டியதோ மூன்றாம், நான்காம் படிகள்.

அளவுகோலின் குறை

1992ஆம் ஆண்டில் ஜோசப் குரோனின், ஸ்டீவன் டெய்லர் ஆகியோர், எதிர்பார்ப்பை அளக்கத் தேவையில்லை, பெற்ற சேவையை மட்டும் அளந்தால் போதும் என வாதிட்டனர். இந்த விவாதத்தில் நமக்கொரு பாடம் உண்டு. ஓய்வூதியத்துக்காக அரை நாள் காத்திருந்தே பழகிய ஒரு மூதாட்டி அதற்கு மேல் எதையும் எதிர்பார்ப்பதில்லை. அவர் கணக்கில் இடைவெளி சுழியம். சேவை சிறந்தது என்று பொருளன்று. குறை கூறாதவர் அனைவரும் நிறைவடைந்தவர் அல்லர்.

வாடிக்கையாளர் செய்யத்தக்கவை

ஆகவே, எதிர்பார்க்க வேண்டியதை எதிர்பார்ப்பதும் வாடிக்கையாளரின் பங்காகும். பணி எந்த நாளில் முடியும் எனக் கேட்டு, இயன்றால் எழுத்தில் பெறுங்கள். விண்ணப்பத்துக்கு ஒப்புகைச் சீட்டு கேளுங்கள். ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் கழிக்கப்பட்டால், ரிசர்வ் வங்கியின் 2019ஆம் ஆண்டு விதிப்படி, பரிவர்த்தனை நாளுக்குப் பின் 5 நாள்களுக்குள் அது திரும்ப வரவு வைக்கப்பட வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. வங்கியிடம் எழுத்து மூலம் அளித்த புகாருக்கு 30 நாள்களில் விடை வராவிட்டாலோ, விடை நிறைவு தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரைக் கட்டணமின்றி அணுகலாம்.

நீங்கள் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும், தரும் ஒவ்வொரு புகாரும், கிளையின் பதிவேட்டையும் உங்கள் கணக்கையும் சற்றே நெருங்கி வரச் செய்யும். அடுத்த அறுவடையில் “இரண்டு நாள்” என்றால் அது இரண்டு நாளாகவே இருக்க, அதுவே வழி.