பழைய காருக்குப் புதிய ஏ.சி. கேஸ்

உறுப்பினர்களில் பலர் பழைய காரை விற்க மனமின்றி வைத்திருக்கிறீர்கள். 1990களின் தொடக்கம் வரை வந்த கார்களின் ஏ.சி.யில் இருந்தது ஆர்-12 கேஸ். அது ஓசோன் படலத்தைக் கெடுப்பதால், 1987-இல் மாண்ட்ரியல் உடன்பாடு ஏற்பட்டது. இந்தியா 1992-இல் அதில் சேர்ந்தது. எனவே இப்போது ஆர்-134ஏ கேஸுக்கு மாற வேண்டியிருக்கிறது.

நாங்கள் செங்கல்பட்டில் மொத்த வியாபாரம் செய்கிறோம். மாமல்லபுரம் வரை வசூலுக்குப் பழைய காரில்தான் போய் வருகிறோம். சிக்கனம் கருதி, கேஸை மட்டும் மாற்றச் சொன்னோம். ஒரே கோடையில் கம்ப்ரசர் இறுகிவிட்டது. மிச்சம் பிடித்ததைவிடப் பல மடங்கு செலவு!

காரணம் ஆயில். கேஸோடு சுற்றிவரும் ஆயில்தான் கம்ப்ரசரைத் தேயாமல் காக்கிறது. பழைய மினரல் ஆயில் புதிய கேஸில் கலக்காது, வழியிலேயே தங்கிவிடும். கம்ப்ரசர் வறண்டு ஓடும்.

ஆகவே பழைய கேஸைக் காற்றில் விடாமல் சிலிண்டரில் பிடித்து, பழைய ஆயிலை வடித்து, எஸ்டர் ஆயில் ஊற்ற வேண்டும். டிரையரும் ஓ-ரிங்குகளும் புதிதாகப் போடவேண்டும். வேக்கம் பம்ப் வைத்து ஈரத்தை எடுத்தபின், பழைய அளவில் 80 முதல் 90 சதவீதம் கேஸ் போதும்.

வெயிலில் புதிய கேஸின் அழுத்தம் கூடும். கடலோரத்தில் ஓடும் காரானால், கண்டென்சரை உப்புக் காற்று அரித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சமையல் கேஸ் நிரப்பலாம் என்பவரை நம்பாதீர்கள், கசிந்தால் தீப்பிடிக்கும்.

பில்லில் ஆயிலும் டிரையரும் தனித்தனியே இருக்கிறதா என்று பார்த்துப் பணம் கொடுங்கள். மூட்டையை எண்ணாமல் நாம் சரக்கு இறக்குவதில்லையே!