சுண்டெலியில் குணமான குறைபாடு, மனிதரில் ஏன் குணமாகவில்லை? மூளை ஏற்பிகள் குறித்த ஆய்வும் பெங்களூருவின் பங்களிப்பும்

ஆனேக்கல் (கர்நாடகா): பெங்களூரு நகர மாவட்டத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டின் ஒசூரை ஒட்டி அமைந்துள்ளது ஆனேக்கல் வட்டம். இங்குள்ள பொம்மசந்திரா, ஜிகணி தொழிற்பேட்டைகளில் பயோகான், அதன் ஒப்பந்த ஆராய்ச்சி நிறுவனமான சின்ஜீன் உள்ளிட்ட மருந்து மற்றும் உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்கள் இயங்கி வருகின்றன. ஒரு புதிய மருந்து மூலக்கூறு ஆய்வகத்திலிருந்து நோயாளியைச் சென்றடையும் முன் கடக்க வேண்டிய படிகளில் விலங்குச் சோதனையும் ஒன்று. மூளை தொடர்பான மருந்துகளில் இந்தப் படி மிகவும் சிக்கலானது. சுண்டெலியில் வெற்றி பெற்ற பல மருந்துகள் மனிதரில் தோல்வியடைந்துள்ளன.

இதற்கான காரணங்களை அறிய, மரபணு மாற்றம் செய்யப்பட்ட சுண்டெலிகளைக் கொண்டு மூளையின் ஏற்பிகள் எவ்வாறு ஆராயப்படுகின்றன என்பதையும், அதில் பெங்களூரு ஆய்வகங்களின் பங்கையும் விரிவாகக் காண்போம்.

ஏற்பி என்றால் என்ன?

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஒரு நரம்பணு மற்றொன்றுக்குச் செய்தி அனுப்பும்போது, குளுட்டமேட், காபா, டோபமின் போன்ற வேதிப்பொருள்களை வெளியிடுகிறது. அடுத்த நரம்பணுவின் மேற்பரப்பில் உள்ள ஏற்பி என்ற புரதம் அதைப் பெற்றுக்கொள்கிறது. வேதிப்பொருள் சாவி என்றால், ஏற்பி பூட்டு. பூட்டு திறக்கும்போதுதான் செய்தி உள்ளே செல்லும். நினைவு, அச்சம், உறக்கம், வலி ஆகிய அனைத்தும் இந்தப் பரிமாற்றத்தைச் சார்ந்தவை. மனநலத்துக்கும் வலிப்புக்கும் இன்று வழங்கப்படும் மருந்துகளில் பல, ஏதேனும் ஓர் ஏற்பியின் மீதே செயல்படுகின்றன.

ஒரே சாவிக்குப் பல பூட்டுகள் இருப்பதுதான் சிக்கல். காபா என்ற ஒரே வேதிப்பொருளுக்குப் பல வகை ஏற்பிகள் உள்ளன. எந்த ஏற்பி எந்தப் பணியைச் செய்கிறது என்பதை மருந்தை மட்டும் கொண்டு பிரித்தறிவது கடினம்.

சுண்டெலி ஏன்?

ஏற்பி ஒவ்வொன்றும் மரபணுவில் உள்ள குறிப்பின்படி உருவாகிறது. அந்த மரபணுவை நீக்கினால் ஏற்பியும் இராது. அதன் பின் விலங்கின் நடத்தையில் எது மாறுகிறது என்று பார்த்தால், அந்த ஏற்பியின் பணி புலப்படும். குறிப்பிட்ட மரபணுவைச் சுண்டெலியில் செயலிழக்கச் செய்யும் முறைக்காக மரியோ கபெக்கி, மார்ட்டின் எவன்ஸ், ஆலிவர் ஸ்மித்தீஸ் ஆகியோருக்கு 2007ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சுண்டெலியின் மரபணுக்களில் பெரும்பாலானவற்றுக்கு இணையான மரபணு மனிதரிடமும் உண்டு. சுண்டெலியின் கர்ப்பகாலம் சுமார் மூன்று வாரங்களே. பிறந்த குட்டி ஆறு முதல் எட்டு வாரங்களில் முதிர்ச்சி அடைகிறது. எனவே பல தலைமுறைகளைக் குறுகிய காலத்தில் ஆராய முடிகிறது.

உறக்க மாத்திரை கற்பித்த பாடம்

டயாசெபம் மாத்திரை பதற்றத்தைக் குறைக்கிறது. உடன் தூக்கத்தையும் வரவழைக்கிறது. இவ்விரண்டும் ஒரே ஏற்பியின் விளைவா என்ற கேள்விக்கு 1999 மற்றும் 2000ஆம் ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகர ஆய்வாளர்கள் விடை கண்டனர். காபா ஏற்பியின் ஆல்ஃபா-1 வகையில் ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றி, அதில் டயாசெபம் செயல்படாதபடி செய்தனர். அந்தச் சுண்டெலிகளுக்கு மருந்தின் மயக்க விளைவு ஏற்படவில்லை. பதற்றம் மட்டும் குறைந்தது. ஆல்ஃபா-2 வகையில் அதே மாற்றத்தைச் செய்தபோது, பதற்றம் குறையும் விளைவு மறைந்தது. ஒரே மாத்திரையின் இரு விளைவுகளும் இரு வேறு ஏற்பிகள் வழியே நிகழ்கின்றன என்பது இதன் மூலம் தெளிவானது.

பெங்களூருவில் நடந்த ஆய்வு

பரம்பரையாக வரும் அறிவுசார் குறைபாடுகளில் முக்கியமானது ஃப்ரஜைல் எக்ஸ். எக்ஸ் குரோமோசோமில் உள்ள எஃப்.எம்.ஆர்.1 என்ற மரபணு செயலிழப்பதால் இது ஏற்படுகிறது. சுமார் 4,000 முதல் 7,000 ஆண்களில் ஒருவருக்கு இந்தக் குறைபாடு இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. கற்றல் சிரமம், கடும் பதற்றம், வலிப்பு, ஆட்டிசத்தின் கூறுகள் ஆகியவை இதன் அறிகுறிகள்.

இந்த மரபணு நீக்கப்பட்ட சுண்டெலியை நெதர்லாந்து, பெல்ஜியம் ஆய்வாளர்கள் 1994ஆம் ஆண்டு உருவாக்கினர். அதை ஆராய்ந்தபோது, எம்குளூர்-5 என்ற குளுட்டமேட் ஏற்பியின் விளைவுகள் கட்டுப்பாடின்றி மிகுவதாகத் தெரியவந்தது. இழந்த புரதம் வண்டியின் பிரேக் போன்றது. ஏற்பி ஆக்சிலரேட்டர் போன்றது. பிரேக் பழுதானால் ஆக்சிலரேட்டரைத் தளர்த்தலாம் அல்லவா? 2007ஆம் ஆண்டு அமெரிக்காவின் மார்க் பேர் குழுவினர், ஃப்ரஜைல் எக்ஸ் சுண்டெலியில் எம்குளூர்-5 ஏற்பியின் அளவை மரபணு வழியாகப் பாதியாகக் குறைத்தனர். வலிப்பு உட்பட பெரும்பாலான குறைகள் சீரடைந்தன.

அப்போது பெங்களூருவின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் பணியாற்றிய சுமந்த்ர சட்டர்ஜியின் குழு, அச்சத்தையும் பதற்றத்தையும் கையாளும் அமிக்டலா என்ற மூளைப்பகுதியை ஆராய்ந்து, 2010ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டது. நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸில் மிகுந்து காணப்பட்ட ஏற்பியின் விளைவு, அமிக்டலாவில் நேர்மாறாகக் குறைந்திருந்தது. எம்குளூர்-5 ஏற்பியைத் தடுக்கும் மருந்தை அளித்தபோது சில குறைகள் சரியாகின, சில சரியாகவில்லை. ஒரே ஏற்பி, மூளையின் இரு பகுதிகளில் இரு விதமாக நடந்துகொள்கிறது என்பதை இது உணர்த்தியது.

மனிதரிடம் நிகழ்ந்தது

சுண்டெலி முடிவுகளின் அடிப்படையில் நோவார்ட்டிஸ் நிறுவனம் மாவோகுளூரன்ட் என்ற மருந்தை ஃப்ரஜைல் எக்ஸ் பாதித்த பெரியவர்களிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் சோதித்தது. போலி மருந்து பெற்றவர்களைவிட, உண்மையான மருந்து பெற்றவர்களிடம் நடத்தையில் கூடுதல் முன்னேற்றம் காணப்படவில்லை. 2014ஆம் ஆண்டு இந்த முயற்சி கைவிடப்பட்டது. நம்பிக்கையுடன் காத்திருந்த பெற்றோருக்கு இது பெரும் ஏமாற்றமாக அமைந்தது.

இதற்குப் பல விளக்கங்கள் முன்வைக்கப்படுகின்றன. ஆய்வகச் சுண்டெலிகள் ஏறக்குறைய ஒரே மரபணு அமைப்பு கொண்டவை, மனிதர்கள் அப்படியல்லர். சுண்டெலிகளில் ஏற்பியின் அளவு கருவிலிருந்தே குறைக்கப்பட்டது. மனிதருக்கோ மூளை பெரிதும் வளர்ந்த பின்னரே மருந்து அளிக்கப்பட்டது. சுண்டெலியின் நரம்பணுவை நேரடியாக அளக்கலாம். மனிதரின் முன்னேற்றமோ, பராமரிப்பாளர் நிரப்பும் கேள்வித்தாளைக் கொண்டு மதிப்பிடப்பட்டது. சுண்டெலி மூளையில் உள்ளவை சுமார் 7 கோடி நரம்பணுக்கள் மட்டுமே என்பதும் கவனிக்கத்தக்கது.

தொடரும் முயற்சி

பெங்களூரு ஜக்கூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையத்தில் ஜேம்ஸ் கிளமென்ட் குழுவினர், சின்கேப்-1 என்ற மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்றை மட்டும் இழந்த சுண்டெலிகளை ஆராய்ந்து வருகின்றனர். என்.எம்.டி.ஏ. ஏற்பிக்கு அருகில் செயல்படும் இந்தப் புரதம் குறைந்தால், அறிவுசார் குறைபாடும் வலிப்பும் ஏற்படும். 6பயோ என்ற சேர்மம் இந்தச் சுண்டெலிகளின் கற்றலையும் நினைவாற்றலையும் மேம்படுத்தியதாக அக்குழு தெரிவித்துள்ளது. இது விலங்கு அளவிலான முடிவு மட்டுமே.

விதிகள் என்ன சொல்கின்றன?

இந்தியாவில் விலங்குச் சோதனைகள், 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கும், 1998ஆம் ஆண்டு விதிகளுக்கும் உட்பட்டவை. ஒவ்வொரு நிறுவனமும் பதிவு பெற்றிருக்க வேண்டும். விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் தேவை. மரபணு மாற்றப்பட்ட உயிரினங்களுக்கு 1989ஆம் ஆண்டின் தனி விதிகளும் பொருந்தும். மனித உயிரணுக்களிலிருந்து வளர்க்கப்படும் சிற்றுறுப்புகள் போன்ற மாற்று முறைகளையும் மருந்துச் சோதனையில் பயன்படுத்த 2023ஆம் ஆண்டு விதித் திருத்தம் வழிசெய்துள்ளது. எனினும், ஒரு மூளை கற்பதையும் அஞ்சுவதையும் முழுமையாகக் காட்டும் மாற்று முறை இன்னும் இல்லை.

பெற்றோர் கவனிக்க வேண்டியது

ஃப்ரஜைல் எக்ஸ் குறைபாட்டை இரத்த மாதிரியில் செய்யப்படும் மரபணுச் சோதனை மூலம் உறுதிப்படுத்த முடியும். வெளித்தோற்றத்தில் எந்த அறிகுறியும் இல்லாத தாய் வழியாகவும் இது குழந்தைக்கு வரலாம் என்பதால், குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களும் மரபணு ஆலோசனை பெறுவது நல்லது. குறைபாட்டை முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இல்லாவிட்டாலும், வலிப்புக்கான சிகிச்சை, பேச்சுப் பயிற்சி, சிறப்புக் கல்வி ஆகியவற்றை இளம் வயதிலேயே தொடங்குவது குழந்தைக்கு உதவும்.

மூளை நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்பட்டதாகச் செய்தி வரும்போது, அந்த முடிவு சுண்டெலியில் கிடைத்ததா, மனிதரில் கிடைத்ததா என்பதை முதலில் பார்க்க வேண்டும். சுண்டெலியில் கிடைத்தது என்றால் அது ஆராய்ச்சியின் தொடக்கப் படி மட்டுமே. அதை நம்பி, நடைமுறையில் உள்ள சிகிச்சையை நிறுத்தக் கூடாது.