மலைக்குப் போகும் பாய்

நம் ஊரில் பாய் என்பது குளிர்ச்சிக்காக விரிக்கப்படுவது. சித்திரை வெயிலில் வெந்த உடம்பு, திண்ணையில் விரித்த கோரைப்பாயில் சாய்ந்ததும் ஆறிப்போகிறது. பத்தமடைப் பாயின் பெருமையிலும் அந்தக் குளுமைக்குப் பங்குண்டு. ஆனால் தலைநகரில் படிக்கும் நம் தமிழ் மாணவர்கள், தேர்வு முடிந்ததும் மோட்டார் சைக்கிள் ஏறி மணாலிக்கும் லடாக்குக்கும் புறப்பட்டு விடுகிறார்கள். அங்கே பாயின் தொழில் நேர்மாறானது. உடம்பின் சூட்டைத் தரை பறித்துக்கொள்ளாமல் அது காக்க வேண்டும்.

மூன்று முறை அந்தச் சாலையில் சென்று கூடாரத்தில் படுத்தவன் என்பதால், புறப்படுமுன் என்னிடம் யோசனை கேட்கும் நண்பர்கள் பலர். எல்லோரும் உறக்கப்பையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பாயைப் பற்றிக் கேட்பவர் அரியர். ஆகையால் அதையே இங்கு எழுதுகிறேன்.

உறக்கப்பை நமக்குச் சூடு தருவதில்லை. அதன் பஞ்சுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்று, நம் சூடு வெளியேறாமல் தடுக்கிறது. ஆனால் நம் முதுகின் கீழே அந்தப் பஞ்சு நசுங்கிவிடுகிறது, காற்றும் போய்விடுகிறது. பிறகு தரை நேராக நம் சூட்டை உறிஞ்சத் தொடங்குகிறது. ஆதலின், எத்தனை விலை கொடுத்து வாங்கிய பையானாலும் கீழிருந்து வரும் குளிருக்கு அது அணையாகாது. அந்த அணை பாய்தான்.

பாயின் காக்கும் ஆற்றலை ‘ஆர்’ என்ற எண்ணால் குறிப்பர். எண் கூடினால் காப்பும் கூடும். முன்னெல்லாம் ஒவ்வொரு தயாரிப்பாளரும் தத்தம் வழியில் அளந்தனர். ஒருவர் எண்ணை மற்றவர் எண்ணோடு ஒப்பிட இயலாது. 2018-இல் இதற்கென்று ஒரு பொதுச் சோதனை முறை வகுக்கப்பட்டது. சூடான தட்டுக்கும் குளிர்ந்த தட்டுக்கும் இடையே பாயை வைத்து, மேல்தட்டின் சூடு குறையாமலிருக்க எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று பார்ப்பார்கள். அம்முறைப்படி அளந்த எண்ணையே நம்பி வாங்கலாம். பொதுவாக, கோடை இரவுக்கு 2 போதும். இளங்குளிருக்கு 3 முதல் 4. உறைகுளிருக்கு 5-க்கு மேல். ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரமுள்ள சர்ச்சு போன்ற இடங்களில் கோடையிலும் நள்ளிரவுக் குளிர் உறைநிலையை நெருங்கும். அங்கே 4-க்குக் குறைந்த பாயை நான் கொண்டுபோவதில்லை.

பாய்களில் மூவகை உண்டு. முதலாவது, மூடிய நுரையாலான மடிப்புப் பாய். விலை சில நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கும். முள் குத்தினாலும் கெடாது. ஆனால் எண் 2-ஐ ஒட்டியே இருக்கும், கூழாங்கல்லும் உறுத்தும். இரண்டாவது, உள்ளே திறந்த நுரை வைத்து ஒட்டிய, தானே காற்றை இழுத்துக்கொள்ளும் பாய். மெத்தென்று இருக்கும்; கனமும் பருமனும் அதிகம். மூன்றாவது, ஊதும் பாய். சுருட்டினால் தண்ணீர்ப் புட்டியளவே ஆகும். இதில்தான் ஏமாற்றமும் மிகுதி. வெறுங்காற்று மட்டும் அடைத்த பாயினுள் காற்று சுழன்றுகொண்டே மேலிருக்கும் சூட்டைக் கீழே கொண்டுபோய்க் கொட்டும். உள்ளே செயற்கைப் பஞ்சோ, இறகோ, சூட்டைத் திருப்பியனுப்பும் மென்தகடோ வைத்த பாய்தான் குளிர்நாட்டுக்கு ஏற்றது.

நடந்து மலையேறுபவருக்கு எடைதான் கவலை. மோட்டார் சைக்கிளில் போகும் நமக்கோ இடம்தான் கவலை. அரைக் கிலோ கூடினால் என்ஜின் முணுமுணுக்காது. ஆனால் பின்னாசனத்தில் கட்டிய சுருள் இருபுறமும் நீண்டால் எதிரே வரும் லாரி உரசும். சைலன்சரின் அருகே கட்டினால் உருகும். ஆகவே குறுக்களவு அடக்கமாயுள்ள பாயைத் தேர்ந்து, நீர்புகாத பைக்குள் வைப்பது நலம்.

சொகுசையும் மறக்கலாகாது. ஒருக்களித்துப் படுப்பவருக்கு இடுப்பு தரையைத் தொடாதபடி ஆறேழு சென்டிமீட்டர் தடிப்பு வேண்டும். மல்லாந்து படுப்பவருக்கு அதில் பாதியே போதும். வழக்கமான அகலம் 51 சென்டிமீட்டர். தோள் அகன்றவர் 64 சென்டிமீட்டர் பாயை நாடட்டும்.

பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும் பாயை எல்லா மாணவரும் வாங்க இயலுமா? விரலுக்குத் தக்க வீக்கம்தானே அழகு! இங்கே ஒரு நல்ல செய்தி உண்டு: ஆர் எண்கள் ஒன்றோடொன்று கூடும். 2 உள்ள நுரைப்பாயின்மேல் 3 உள்ள ஊதும் பாயை விரித்தால் 5 ஆகிவிடும். கீழே கிடக்கும் நுரை, மேற்பாயை முள்ளிலிருந்தும் காக்கும். காலடியில் வண்டியோட்டும் அங்கியை விரித்தால் இன்னும் நல்லது.

பயன்படுத்தும் முறையிலும் சில உண்டு. டயருக்குக் காற்றடிக்கும் பம்பைப் பாயில் மாட்டாதீர்கள், ஒட்டு வெடிக்கும். வாயால் ஊதினால் மூச்சின் ஈரம் உள்ளே தங்கும்; ஊதுபை நல்லது. மாலையில் ஊதிய பாய் இரவுக் குளிரில் தளரும்; படுக்குமுன் மறுபடி ஊதுங்கள். ஏறத்தாழ 4,900 மீட்டர் உயரமுள்ள பாராலாச்சா கணவாயில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதிக்குச் சற்றே மேல். அங்கே உள்காற்று விரியும். ஆதலால் தானே ஊதும் பாயை வாயில் திறந்தபடியே ஏற்றிச் செல்லுங்கள்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். அந்த உயரத்தில் தலைவலியும் வாந்தியும் மிகுந்தால் அதற்குப் பாய் மருந்தன்று. கீழே இறங்குவதே மருந்து. மெல்லிய காற்றே அங்கு உறக்கத்தைப் பாதி கெடுத்துவிடுகிறது. மீதிப் பாதியையும் குளிர் கொண்டுபோனால், மறுநாள் காலை ஓடை பாயும் சாலையில் வண்டி பிடிக்கும் கை விறைத்திருக்கும், கண் மந்தமாயிருக்கும். நம் வீட்டார் நம்மைப் படிக்க அனுப்பியிருக்கிறார்கள். முழு உடலோடு திரும்புவது நம் கடமை. பணம் குறைவென்றால் பையில் குறையுங்கள். பாயில் குறைக்க வேண்டாம்.